முழு வேகக் குத்து வரும்போது பிளாக் ஏன் கைகொடுப்பதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் கராத்தே, டேக்வாண்டோ, சிலம்பம், பாக்சிங் வகுப்புகளுக்குப் பஞ்சமில்லை. பள்ளி மைதானம், கல்யாண மண்டபம், மொட்டை மாடி என்று கிடைத்த இடத்தில் சாயங்காலம் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள். அவர்களும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

பையன் மூன்று வருஷமாகக் கராத்தே போகிறான், பிரவுன் பெல்ட். பக்கத்து வீட்டுப் பையன் விளையாட்டாகக் குத்தியபோது ஒரு பிளாக்கும் வரவில்லை, மூக்கில் வாங்கிக்கொண்டு வந்தான். மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது தப்பா?

பையன் மேலும் தப்பில்லை, பிளாக் என்கிற அந்தத் தடுப்பு அசைவையும் தப்பு என்று தள்ள முடியாது. கை எட்டும் தூரத்தில் நிற்கிறவன் சொல்லாமல் குத்தினால், பார்த்த பிறகு இடுப்பிலிருந்து கையைக் கிளப்பி நெற்றிவரை கொண்டுபோக மனித உடம்புக்கு நேரம் போதாது. பிரவுன் பெல்ட்டுக்கும் போதாது, பிளாக் பெல்ட்டுக்கும் போதாது. வகுப்பில் இந்த நேரக் கணக்கை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். எந்தத் தூரத்தில் எந்தத் தடுப்பு வேலை செய்யும் என்று சொல்லாமல் அசைவை மட்டும் ஆயிரம் முறை செய்யவைத்தால், பிள்ளை அதை நம்பி முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்.

அந்த நேரக் கணக்கு என்ன?

குத்துகிறவன் எட்டும் தூரத்தில் நிற்கிறான். அவன் முஷ்டிக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே ஏறக்குறைய 60 செ.மீ. 1985-ல் இங்கிலாந்தில் ஹெவிவெயிட் வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்தார்கள். போய் மோதும்போது அதன் வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். நம் தெருப் பையனுக்கு அவ்வளவு வேண்டாம். கை கிளம்பியதிலிருந்து மோதும்வரை சராசரியாக விநாடிக்கு 4 மீட்டர் என்று வைத்தாலே 60 செ.மீ. தாண்ட 0.15 விநாடிதான் ஆகும்.

இப்போது உங்கள் பக்கம். ஒரு விளக்கு எரிந்ததும் ஒரு பொத்தானை அழுத்து என்றால், கண் பார்த்து விரல் அசையத் தொடங்கவே 0.2 முதல் 0.25 விநாடி ஆகிறது. இது என்ன வரும், என்ன செய்ய வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்கும்போது. எது வரும் என்று தெரியாவிட்டால் நேரம் இன்னும் கூடும். 1952-ல் வில்லியம் ஹிக் என்ற உளவியலாளர் இதைச் சோதனையில் காட்டினார்: தேர்வுகள் இரட்டிக்க இரட்டிக்க, முடிவெடுக்கும் நேரம் ஒவ்வொரு படியாக ஏறுகிறது. மேல் பிளாக், உள் பிளாக், வெளி பிளாக், கீழ் பிளாக் என்று நாலு வைத்திருப்பவன் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முடிந்து, இடுப்பில் இருக்கும் கை 50 செ.மீ. பயணம் செய்ய இன்னொரு 0.2 விநாடி. எல்லாம் கூட்டினால் அரை விநாடியை நெருங்குகிறது. வருகிற குத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

கிரிக்கெட்டில் 140 கி.மீ. வேகப் பந்து பௌலர் கையை விட்டு பேட்டுக்கு வர 0.45 விநாடி எடுக்கிறது. அதற்கே பேட்ஸ்மேன் பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஓட்டம், தோள், மணிக்கட்டு எல்லாவற்றையும் பார்த்து முன்கூட்டியே காலை எடுத்து வைக்கிறார். குத்து அதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

நம்ப முடியவில்லை. நானே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, செல்போன் போதும். கேமராவில் ஸ்லோ மோஷனை 240 பிரேமில் வையுங்கள். காலை வெயிலில் மொட்டை மாடியில் எடுங்கள். அறைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படம் விட்டுவிட்டு மின்னும், எண்ண முடியாது. போனை நெஞ்சு உயரத்தில், இரண்டு பேருக்கும் பக்கவாட்டில், 2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

குத்துகிறவர் 16 அவுன்ஸ் கிளவுஸ் போட்டுக்கொண்டு, எதிராளியின் நெஞ்சுக்கு நேராக, தனக்குத் தோன்றிய நேரத்தில், முன்னால் இருக்கும் கையால் ஒரு ஜாப், அதாவது சட்டென்ற நேர்க்குத்து, விட வேண்டும். முழு வேகம், லேசான தொடுகை. எதிராளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த பிளாக்கைப் போடட்டும். பத்து முறை செய்யுங்கள்.

240 பிரேம் படம் 30 பிரேமில் ஓடும்போது எட்டு மடங்கு மெதுவாகத் தெரியும். திரையில் ஓடும் நேரத்தை 8-ஆல் வகுத்தால் உண்மையான நேரம் கிடைக்கும். குத்துகிறவரின் தோள் அசையத் தொடங்கிய இடத்திலிருந்து கிளவுஸ் தொடும் இடம்வரை திரையில் 1.2 விநாடி ஓடினால், நிஜத்தில் 0.15. பிறகு அதே தொடக்கத்திலிருந்து எதிராளியின் கை அசைய எவ்வளவு ஆனது என்று பாருங்கள். பெரும்பாலும் கிளவுஸ் நெஞ்சைத் தொட்டு நிற்கும், தடுக்க வேண்டிய கை அப்போதுதான் இடுப்பை விட்டுக் கிளம்பும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதைப் படமாகப் பார்க்கலாம். ஒன்றிரண்டு முறை பிளாக் சரியாக விழுந்திருந்தால் அந்தப் படங்களைத் தனியாகப் பாருங்கள். குத்துகிறவர் அந்த முறை தோளைத் தூக்கியிருப்பார், மூச்சை இழுத்திருப்பார், அல்லது கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டு விட்டிருப்பார்.

வகுப்பில் ஜோடி போட்டுச் செய்யும்போது நன்றாக வேலை செய்கிறதே?

அங்கே நாலைந்து சலுகைகள் சேர்ந்துவிடுகின்றன. ஒருவர் ஒரு அடி எடுத்து வைத்துக் குத்த, மற்றவர் தடுக்கும் கராத்தேயின் ஒற்றை அடி ஸ்பாரிங்கைப் பாருங்கள். தாக்குகிறவன் எங்கே குத்தப்போகிறான் என்று முதலிலேயே "ஜோடான்" (முகத்துக்கு) என்று கத்துகிறான். எட்டாத தூரத்தில் நின்று, ஒரு முழு அடி எடுத்து வைத்து வருகிறான். அந்த அடிக்கே அரை விநாடிக்கு மேல் ஆகிறது. ஒரே ஒரு குத்து. அது முடிந்ததும் கையை இழுக்காமல் கம்பத்தில் கட்டிய கொடிபோல நீட்டியபடியே விட்டுவிடுகிறான். சில வகுப்புகளில் இன்னொன்றும் உண்டு. குத்து மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிடும், தடுக்காமல் நின்றிருந்தாலும் படாது.

இவற்றில் பெரிய சலுகை தூரம்தான். கத்தாமல் செய்தாலும், அந்தத் தூரத்திலிருந்து அடி எடுத்து வந்தால் பிளாக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். தூரத்தைக் குறைத்த கணமே மற்றதெல்லாம் சரிந்துவிடும்.

கையை இழுக்காத பழக்கமும் லேசானதில்லை. உண்மையில் குத்துகிறவன் முதல் கையை இழுக்கும்போதே அடுத்த கையை அனுப்புகிறான். ஜாப், அடுத்து பின்கையால் வரும் நேர்க்குத்தான கிராஸ், இரண்டுக்கும் நடுவே கால் விநாடிகூட இருக்காது. முதல் குத்தைப் பெரிய அசைவால் வெளியே தள்ளியவனின் முழங்கை காதோரம் போய்விட்டிருக்கும், தாடை திறந்து கிடக்கும். இரண்டாவது அங்கேதான் விழும்.

அப்படியென்றால் இந்தப் பிளாக்குகளைப் பாடத்தில் ஏன் வைத்தார்கள்?

ஜப்பானிய மொழியில் இந்த அசைவுகளுக்கு "உகே" என்று பெயர். "பெறுவது, வாங்கிக்கொள்வது" என்ற வினையிலிருந்து வந்த சொல். தடுப்பு என்பது பின்னால் பிற மொழிகளில் ஒட்டிக்கொண்ட பொருள். 1901-ல் அங்கோ இடோசு ஒகினாவாவின் பள்ளியில் கராத்தேயை நுழைத்தார். அதன் பிறகு ஒரே நேரத்தில் பல பிள்ளைகளுக்கு வரிசையாக நிறுத்திச் சொல்லித்தரும் முறை பரவியது. வரிசைப் பயிற்சிக்குப் பெரிய, தெளிவான, எண்ணிக்கைக்குச் செய்யக்கூடிய அசைவு வசதியானது.

அசைவை மெதுவாகப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். மேல் பிளாக் போடும்போது முதலில் எது நகர்கிறது? மறு கை. அது உள்ளங்கை திறந்து முகத்துக்கு முன்னால் குறுக்கே போகிறது. அதற்குப் பிறகுதான் முன்கை கீழிருந்து மேலே ஏறுகிறது. முதல் கை வருகிற குத்தைத் தட்டி வாங்குகிறது, இரண்டாவது முன்கை எதிராளியின் தாடையையோ கழுத்தையோ மேலே தள்ளுகிறது என்று எடுத்துக்கொண்டால் அசைவின் கணக்கு சரியாக விழுகிறது. பல வகுப்புகளில் அந்த முதல் கையை "தயார் நிலை" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் பாதுகாப்பே அந்தக் கையில்தான் இருக்கிறது.

பெரிய பிளாக் எங்குமே பயன்படாதா?

பயன்படும். பழக்கமில்லாதவன் கோபத்தில் கையைப் பின்னால் ஓங்கி வீசுகிற அடி வளைந்து நீளமாக வரும், ஓங்கும்போதே தெரியும். அதற்குள் முன்கை போய்ச் சேர்ந்துவிடும். சட்டையைப் பிடிக்க நீளும் கை, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவது இவற்றுக்கும் வெளி பிளாக் நன்றாகவே நிற்கும். நேராக வரும் ஜாபும் பக்கத்திலிருந்து வரும் குட்டை ஹூக்கும்தான் அதை ஏமாற்றுகின்றன.

பாக்சர்கள் என்ன செய்கிறார்கள்? அவர்களுக்கும் அதே கண், அதே கைதானே?

ஆமாம். ஆகையால் அவர்கள் அந்த 0.25 விநாடியோடு மல்லுக்கட்டுவதில்லை. அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

முதலாவது, கை ஏற்கெனவே முகத்தருகே இருக்கிறது. இடுப்பிலிருந்து 50 செ.மீ. போக வேண்டிய கைக்கு இங்கே நாலு விரற்கடை போதும். வலது உள்ளங்கை கன்னத்தோரம் இருக்கும், எதிராளியின் இடது ஜாப் வந்தால் அதை அங்கேயே ஏந்திக்கொள்ளும், அல்லது உள்பக்கமாக லேசாகத் தட்டிவிடும். தட்டிய கை உடனே கன்னத்துக்குத் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, தலையும் நகர்கிறது. முகத்தின் நடுவுக்கு வரும் குத்து படாமல் போக ஏறக்குறைய 10 செ.மீ. விலகல் வேண்டும். அதைக் கை மட்டும் செய்யப் பார்த்தால் கடைசி நொடியில் நிறையத் தள்ள வேண்டியிருக்கும். கை 5, தலை 5 என்று பங்கு போட்டால் இரண்டுக்கும் எளிது, ஒன்று பிசகினாலும் குத்து உரசிக்கொண்டு போகும், முழுசாக விழாது.

மூன்றாவது, எது வருகிறது என்று தெரியாதபோது மூடிக்கொள்கிறார்கள். தேர்வே இல்லாத தடுப்பு இது, ஹிக் சொன்ன கூடுதல் நேரம் இதில் செலவாவதில்லை. உள்ளங்கையின் அடிப்பகுதி முடி தொடங்கும் இடத்தில், முழங்கை விலாவுக்கு முன்னால், தாடை மார்பை நோக்கி. பக்கத்திலிருந்து ஹூக் வருகிறதென்றால், காதுக்கு மேலே எண்ணெய் தேய்க்கும்போது உள்ளங்கை போகிற பாதையிலேயே கை பின்னுக்குப் போய்த் தலையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். தலைக்கும் கைக்கும் இடைவெளி விட்டால் எதிராளியின் கிளவுஸ் நம் கையையே நம் காதில் மோதவைக்கும்.

ஒரு எச்சரிக்கை. 16 அவுன்ஸ் கிளவுஸ் ஒரு சின்னத் தலையணை, அதன் பின்னால் ஒளியலாம். வெறுங்கையில் அந்த மறைப்பு கிடையாது, வெறும் முஷ்டி இடுக்கில் புகுந்து வரும். அங்கே உள்ளங்கையைவிட முழங்கையையும் முன்கையையும் முன்னே நிறுத்துவது மேல். வேர்வையும் கணக்கில் வரும். சித்திரை வைகாசி வேலூர் வெயிலில் பத்து நிமிஷத்தில் முன்கை நனைந்துவிடும். நனைந்த தோல்மேல் தட்டிய கை வழுக்கும், குத்து பாதை மாறாமல் உள்ளே வரும்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது, கால். அரை அடி பின்னால் நின்றால் குத்துகிறவன் கால் எடுத்து வைத்துத்தான் வர வேண்டும். கை கிளம்புவதற்கு முன்பே காலும் இடுப்பும் சேதி சொல்லிவிடும். கபடியில் ரைடரின் கைக்கு ஒரு கை தள்ளியே நிற்கிற டிபெண்டரைப் பாருங்கள், அதே விஷயம்.

சிலம்பத்தில் கம்பு அடியைத் தடுக்கிறோமே, அது மட்டும் எப்படி?

நல்ல கேள்வி. கம்பின் நுனி முஷ்டியைவிட வேகமாக வரும். ஆனால் நெற்றி உயரக் கம்பு இருவர் நடுவே தானாகவே தூரத்தை வைத்துவிடுகிறது. அடி நீண்ட வட்டத்தில் வருவதால் கையும் தோளும் திரும்புவது முன்பே தெரியும். இரண்டு கையால் பிடித்த கம்பில் கை நாலு விரற்கடை அசைந்தால் நுனி ஒரு முழம் நகரும், அதாவது தடுக்கிறவனின் வேலை சிறியது. இவ்வளவு வசதி இருந்தும் ஆசான்கள் முதலில் கம்பைக் கையில் கொடுப்பதில்லை, காலடிப் பாடத்தைத்தான் நாள்கணக்கில் போடவைக்கிறார்கள். சிலம்பத்தோடு சேர்ந்த வெறுங்கைச் சண்டையான குத்துவரிசை கற்கிறவர்களும் அந்தக் காலடியை வெறும் அழகுக்காக என்று நினைத்துவிடக் கூடாது.

பயிற்சியை எப்படி மாற்றுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

வேண்டியவை: 14 அல்லது 16 அவுன்ஸ் கிளவுஸ் இரண்டு ஜோடி, பல் கார்டு, கைக்குச் சுற்றும் 4.5 மீட்டர் துணி, தரையில் கோடு போட ஒரு சாக்பீஸ். தலைக் கவசம் இருந்தால் போடலாம். அது வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதை நிறுத்தாது. சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் வயது வந்த ஆண்களுக்கு 2013-ல் அதை எடுத்தே விட்டார்கள். கவசம் போட்டிருக்கிறான் என்று பலமாக அடிக்க விடாதீர்கள்.

முதலில் தூரம். ஒருவர் நின்ற இடத்தில் கையை முழுசாக நீட்டட்டும், கிளவுஸ் மற்றவரின் தோளைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு அரை அடி பின்னால் இன்னொரு கோடு. முதல் கோட்டில் நின்றால் ஆபத்து, இரண்டாவதில் நின்றால் குத்துகிறவர் கால் எடுத்து வைத்துத்தான் எட்ட முடியும். இதைக் கால் தானாக உணரும்வரை முதல் வாரம் வேறெதுவும் வேண்டாம். தாக்குகிறவர் முன்னே வருகிறார், நீங்கள் அதே அளவு பின்னே போகிறீர்கள், பக்கவாட்டில் விலகுகிறீர்கள். குத்தே கிடையாது. ஒன்றரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓய்வு, நாலு ரவுண்டு.

இரண்டாவது வாரம் ஜாப் மட்டும், பாதி வேகம். பக்கத்துக்கு 20. தடுப்பவர் உள்ளங்கையால் ஏந்துகிறார். கை கன்னத்தை விட்டு நாலு விரற்கடைக்கு மேல் போனால் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

மூன்றாவது வாரம் அதே ஜாப், முழு வேகத்தில், எப்போது வரும் என்று தெரியாமல். முழு வேகம் என்றால் முழு பலம் இல்லை. முழங்கை முழுசாக நீள்வதற்கு முன்பே குத்துகிறவர் நிறுத்தி இழுத்துக்கொள்ள வேண்டும், நெற்றியில் தொட்டால் போதும். ஆனால் நெற்றிக்குத்தான் வர வேண்டும். படாத தூரத்தில் விடுகிற குத்து தடுப்பவருக்குத் தப்பான தைரியத்தை வளர்க்கிறது. பத்தில் மூன்றுக்குமேல் பட்டால் அதே கட்டத்தில் இருங்கள்.

பிறகு ஜாப் அல்லது கிராஸ், எது என்று சொல்லாமல். பிறகு இரண்டும் சேர்த்து. பிறகு ஹூக். இதற்கு ஆறேழு வாரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் கெடும்.

இதில் வழக்கமாகக் கெடுகிறவை: குத்து வரும்போது கண்ணை மூடுவது, இது எல்லோருக்கும் வரும், மெதுவான வேகத்தில் அதிகம் வாங்கினால்தான் போகும். முஷ்டியை உற்றுப் பார்ப்பது; பார்வை எதிராளியின் காறை எலும்பில் இருக்கட்டும், இரண்டு தோளும் ஓரக்கண்ணில் தெரியும். கையை முன்னே நீட்டிக் குத்தைத் தேடிப்போவது, இதைப் பார்த்ததும் அனுபவசாலி பாசாங்குக் குத்து ஒன்றைக் காட்டி அந்தக் கையை வெளியே இழுத்துவிட்டு நிஜத்தை அனுப்புவார். விரலை விரித்து ஏந்துவது, சுண்டு விரலோ கட்டை விரலோ பிசகும். கால் நகராமல் இடுப்புக்கு மேல் மட்டும் பின்னே சாய்வது. தாடை மேலே தூக்கிவிடும், அடுத்த குத்துக்குப் போக்கிடமும் இருக்காது.

உடம்பில் பலம் ஏற்றினால் தடுப்பு சரியாகுமா?

வேலூர் எடைதூக்குதலுக்குப் பேர்போன ஊர். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியவர். ஜிம்முக்குப் போகிற பையன்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது இயல்பு. கழுத்தும் தோளும் பலமாக இருந்தால் மூடிக்கொண்டு வாங்கும் குத்தைத் தாங்கலாம், கார்டு, அதாவது முகத்தைக் காக்கத் தூக்கிய கை, தளராமல் மூன்று ரவுண்டு நிற்கும். அது நல்லதுதான். கண் பார்த்து கை கிளம்பும் அந்தக் கால் விநாடி மட்டும் பளுவால் குறையாது.

டென்னிஸ் பந்தைச் சுவரில் அடித்துப் பிடிப்பது, போன் ஆப்பில் விளக்கைத் தொடுவது உதவுமா?

சூடேற்ற நல்லது. பந்தைப் பிடிப்பதில் தேர்ந்தவன் பந்தைப் பிடிப்பான். மனிதத் தோள் அசைவதைப் படிக்க மனிதத் தோளைத்தான் பார்த்துப் பழக வேண்டும்.

கிக்கைக் கையால் தடுக்கலாமா?

கீழ் பிளாக்கை உதைக்கு எதிராக விடாதீர்கள். கீழே போன கை முகத்தைத் திறந்துவிடும் என்பது ஒன்று. முன்கையில் சுண்டு விரல் பக்கமிருக்கும் எலும்பு மெல்லியது, கம்பு அடியைக் கையால் தடுக்கிறவர்களுக்கு முதலில் முறிவது அதுதான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இருக்கும் தடித்த எலும்பு அதில் மோதினால் யார் எலும்பு உடையும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழங்காலைத் தூக்கிக் காலால் வாங்குங்கள், இல்லை எட்டாத தூரத்துக்கு நகருங்கள்.

தெருவில் சண்டை வந்தால்?

பஸ் ஸ்டாண்டிலோ டீக்கடை முன்னாலோ எவனாவது "இன்னாடா மொறைக்கிற" என்று கிட்டே வந்தால், குத்து வருவதற்கு முன்பே நமக்குக் கிடைக்கும் நேரம் அதுதான். இரண்டு உள்ளங்கையையும் திறந்து நெஞ்சுக்கு மேலே, முன்னால் பிடித்து, "வேணாம்ணா, விட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகருங்கள். பார்ப்பவர்களுக்கு அது சமாதானம் பேசுகிற கை. உங்களுக்கு அது கார்டு. முஷ்டி கட்டி நின்றால் அவனுக்கும் ஏறும், சுற்றி நிற்பவர்களும் இருவரும் அடித்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்வார்கள். அவன் பேச்சை நிறுத்தி, அக்கம்பக்கம் பார்த்து, ஒரு காலைப் பின்னே வைத்தால் அடுத்தது கைதான். அப்போது மூடிக்கொண்டு அவன் கையை ஒட்டிப் பிடித்துக்கொள்வது அல்லது ஓடுவது, இரண்டில் ஒன்று. ஓட இடமிருந்தால் ஓடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தேவைக்குமேல் காயப்படுத்தினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 112-க்கு அழைப்பதும் தற்காப்பில் சேர்ந்ததுதான்.

எந்த வயதில் பிள்ளைகளை முழு வேகத்தில் விடலாம்?

பன்னிரண்டு வயதுக்குக் கீழே தலைக்குக் குத்தே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். தூரமும் காலடியும், தோளைத் தொடும் விளையாட்டும் அவர்களுக்குப் போதும். ஒருவர் தோளை மற்றவர் தொட வேண்டும், தன் தோள் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்த்தவரையில் நூறு பிளாக்கைவிட இதில் பிள்ளைகள் வேகமாகக் கற்கிறார்கள், சிரித்துக்கொண்டே.

ஸ்பாரிங்கில் தலையில் அடிபட்டால் என்ன பார்க்க வேண்டும்?

அன்றைக்கு ஸ்பாரிங் முடிந்தது, "நல்லாத்தான் இருக்கேன் மாஸ்டர்" என்று சொன்னாலும். தலைவலி கூடிக்கொண்டே போவது, வாந்தி, பேச்சு குழறல், ஒரு கண் பாவை பெரிதாகத் தெரிவது, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கைகால் பலமிழப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள், அல்லது சி.எம்.சி., அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை, எது பக்கமோ அங்கே போங்கள். டூவீலரில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதீர்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் முதல் நாள் இரவு யாராவது கூட இருக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை குத்து வாங்கும் பயிற்சி கிடையாது. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் வாங்கும் இரண்டாவது அடி, சின்னதாக இருந்தாலும், மிக ஆபத்தானது.

புது வகுப்பில் சேர்க்கப்போகிறோம். பத்து நிமிஷம் பார்த்தே நல்லதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஜோடிப் பயிற்சியின்போது தாக்குகிறவன் கையை இழுக்கிறானா, நீட்டியே நிற்கிறானா பாருங்கள். குத்து நிஜமாகவே முகத்துக்குப் போகிறதா, ஒரு சாண் முன்னால் நிற்கிறதா? பிள்ளைகள் எப்போதாவது எண்ணிக்கை இல்லாமல், தனக்குத் தோன்றிய நேரத்தில் தாக்குகிறார்களா? மூலையில் கிளவுஸும் பல் கார்டும் இருக்கின்றனவா, தூசி படிந்து கிடக்கின்றனவா? மாஸ்டரிடம், "இந்தப் பிளாக் பாக்சர் ஜாபுக்கு நிற்குமா சார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கோபப்படாமல், எங்கே நிற்கும் எங்கே நிற்காது என்று ஒரு பிள்ளையை முன்னே நிறுத்தி தூரத்தை மாற்றிக் காட்டினார் என்றால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

அப்போ கட்டாவையும் (தனியாக வரிசைக்கிரமமாகச் செய்யும் அசைவுத் தொடர்) வரிசைப் பயிற்சியையும் விட்டுவிடலாமா?

வேண்டாம். நிற்கும் நிலை, இடுப்புத் திருப்பம், மூச்சு, இரண்டு கையையும் ஒன்றாக இயக்குவது எல்லாம் அங்கேதான் படிகின்றன. பெல்ட் தேர்வுக்கும் அது வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு என்றால் 10 நிமிஷம் சூடேற்றம், 20 நிமிஷம் கட்டா, மீதி 30 நிமிஷமும் எதிரே ஒரு ஆள், கையில் கிளவுஸ், தரையில் அந்த இரண்டு சாக்பீஸ் கோடு.